பட்டறைச் சத்தம் கேட்கும் குரல்

பாலசுந்தரம் அண்ணன் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வெண்ணந்தூரில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவர். அந்தச் சத்தத்தைத் தாண்டிச் சோறு கேட்டுப் பழகிய தொண்டை. நாமக்கல்லில் எங்கள் லாரி ஆபீசில் டிரைவர்களுக்கு லோடு சொல்வது அவர் வேலை, பில் போடுவது என் வேலை. அவர் போனை எடுத்தால் எனக்குக் கூட்டல் தப்பும். காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் கீழே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. நாள் முழுக்கத் தகரத்தில் அடி விழுந்துகொண்டே இருக்கும். அந்த ஆபீசை நான் திட்டாத திட்டு இல்லை.

கொரோனாவில் மூடிய ஆபீசை முதலாளி பிறகு திறக்கவே இல்லை. அந்த இடத்தில் இப்போது பேக்கரி. பட்டறையும் பைபாஸ் பக்கம் போய்விட்டது. நான் சேலத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து பில் போடுகிறேன். அண்ணன் எருமப்பட்டியில் தன் வீட்டிலிருந்தே லோடு சொன்னார். காலையில் எல்லோரும் வீடியோவில் கூடுவோம். லோடு விவரமெல்லாம் எல்லோரும் திறந்து பார்க்கும் ஒரே ஷீட்டில். வண்டிகள் மேப்பில் புள்ளியாக நகரும். வசதிதான், யார் இல்லை என்றது? ஆனால் டிரைவர்களுக்கு ஷீட்டும் தெரியாது, புள்ளியும் தெரியாது. அண்ணன் வாய்ஸ் அனுப்பினால்தான் வண்டியைக் கிளப்புவார்கள்.

போன வருடம் அந்தத் தொண்டையிலேயே கட்டி வந்தது. ஆபரேஷனில் உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. டிரைவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லி வைத்தோம். திரும்பி வந்த அண்ணன் எனக்கு டைப் செய்தார்: டிரைவர்களுக்குத் தெரியவே கூடாது, பாவம் பார்க்க ஆரம்பித்தால் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள். முதலாளி ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். சரிப்படாவிட்டால் லோடு சொல்ல வேறு ஆள். அண்ணனுக்கு வேறு வேலை தெரியாது, வேறு எதுவும் பிடிக்கவும் செய்யாது.

எழுதியதை வாசித்துக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அது "வணக்கம் ராசு" என்று டிவி செய்தி மாதிரி வாசித்தது. ராசு எங்களிடம் ரொம்ப நாளாக வண்டி ஓட்டும் டிரைவர். அண்ணன் போனை எவனோ களவாண்டுவிட்டான் என்று அவர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். செயலியை அன்றைக்கே தூக்கிப் போட்டோம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் எதையும் அழிக்காதவள். போன் நிரம்பிவிட்டது என்று என் வீட்டுக்காரர் கத்தினாலும் ஆபீசின் பழைய வாட்ஸ்அப் குரூப்பை அப்படியே வைத்திருந்தேன். அதில் அண்ணனின் குரல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. "கெளம்பு சாமி." "சாப்புட்டயா கண்ணு?" "தூக்கம் வந்தா ஓரங்கட்டிப் படுத்துக்க, லோடு எங்கயும் ஓடிப் போவாது." ஒவ்வொன்றாகப் பிரித்து, பேர் போட்டு, அண்ணனும் நானும் திறக்கும்படி கூகுள் டிரைவில் ஏற்றினேன். எந்த ஊர், என்ன சரக்கு என்பதை அண்ணன் எழுதுவார். பின்னாலேயே அந்தக் குரல் போகும்.

பிரிக்கும்போது குரலை மட்டுமா கேட்டேன்? பின்னால் தகரம் அடிக்கும் சத்தம். கிறீச்சென்ற மின்விசிறி. டீக்கடைக்காரர் ஆண்டி வாசலில் நின்று, "ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்று கேட்பது. எங்கோ நான் சிரிப்பது. ஐயோ, அந்தப் பாழாய்ப்போன ஆபீசுக்காக நான் மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன்.

இவ்வளவும் என் காதில் விழுந்தது, டிரைவர்கள் காதிலும் விழுமே என்று தோன்றவில்லை பாருங்கள், மடச்சி நான்.

மாதக் கடைசியில் முதலாளி முடிவு சொல்வதாக இருந்த காலை. எல்லோரும் வீடியோவில் இருந்தோம். அண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேப்பில் துறையூர் போக வேண்டிய ராசுவின் வண்டி எருமப்பட்டியில் நின்றது. அடுத்த நிமிடம் அண்ணனின் கட்டத்துக்குள்ளிருந்தே ஹாரன் கேட்டது. பிறகு ராசு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அண்ணன் துண்டை இழுத்து மூடினார்.

ராசு அந்தத் துண்டையே பார்த்தபடி சொன்னார்: "பட்டறை எடுத்து வருசக்கணக்காச்சுங்கண்ணா. வாய்ஸ்ல தகரம் அடிக்குது. மொத நாளே தெரிஞ்சு போச்சு. ஆரும் கேக்கக்கூடாதுன்னு நாங்களே பேசி வெச்சுக்கிட்டமுங்க. அதக் கேட்டா ஆபீசுல டீ குடிச்சுட்டுக் கெளம்பறாப்பல இருக்குதுங்க."

அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார். இந்த மாதம் ஒரு வண்டியாவது அண்ணன் பேச்சைத் தட்டியதா என்று முதலாளி என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் என்ன, பாலுவே லோடு சொல்லட்டும் என்றார். ராசு மட்டும் நகரவில்லை.

"ஒரே ஒரு கொறைங்கண்ணா. எல்லாத்துலயும் சாமி, கண்ணுன்னே வருது. ஒருக்காவாச்சும் திட்டுங்க."

திட்டுகளை நான்தான் ஒதுக்கி வைத்திருந்தேன், மரியாதையாக இருக்காது என்று. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தேடி எடுத்துப் போட்டேன்.

"ஏண்டா ராசு, அறிவிருக்குதா உனக்கு? தொப்பூர் எறக்கத்துல அந்த ஓட்டமா ஓட்டுவ? வண்டி போனா வேற வாங்கிக்கலாம். நீ போனா உம்பொண்டாட்டிக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

பின்னால் தகரம் அதிர்ந்தது. ஆண்டி ஸ்ட்ராங்கா, லைட்டா என்றார். அண்ணனின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ராசு கைகட்டி நின்று முழுவதையும் கேட்டார்.

"சரிங்கண்ணா," என்றார். "இனிமே மெதுவாப் போறனுங்க."