மகளும் முற்றுப்புள்ளியும்

ஸ்லாவிய மொழியியல் என்பது, ஆசான் இன்றிக் கற்பவனை அன்றாடம் அவமானப்படுத்தும் தொழில். அகராதி தொகுத்து அவதியுறும் அன்பர்கள் இதனை நன்கறிவர். பரமட்டாவுக்கு அருகே மருத்துவமனைக் கட்டில்களைத் தள்ளி ஓய்வுபெற்ற நான், பதினோராண்டுகளாக ஒரு ருஷ்ய–தமிழ் அகராதியைத் தொகுத்து வந்தேன். உச்சரிப்பு முழுவதையும் தமிழெழுத்தில் தந்தமையே அதன் தனிச்சிறப்பு எனக் கருதினேன். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அதற்கோர் இடம் கிடைக்கவேண்டும் என்பதே என் ஒரே ஆசை.

தாகம்

மெரிலேண்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர் வேரா என்னும் ருஷ்ய மூதாட்டி. என் ருஷ்யத்தைப் பரீட்சிக்க ஒரு நண்பகலில் அவர் கதவைத் தட்டி, 'எனக்குக் குடிக்கவேண்டும்' என்று அவர் மொழியிலேயே கூறினேன். ருஷ்யத்தில் 'பீத்' என்பதை 'பால்' என்பதிலுள்ள பகரத்தால் சொன்னால் குடித்தல். 'பஸ்' என்பதிலுள்ள பகரத்தால் சொன்னால் அடித்தல். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வேரா கதவுச் சங்கிலியை மாட்டிவிட்டு, இடுக்கு வழியே ஆங்கிலத்தில் வினவினார்: "யாரை?"

குடும்ப அறிமுகம்

மன்னிப்புக் கேட்கும் முகமாக அவரைத் தேநீருக்கு அழைத்தோம். எங்கள் ஒரே பிள்ளையைக் காட்டி, 'இவள் என் மகள்' என்றேன். மகளும் முற்றுப்புள்ளியும் ருஷ்யத்தில் முதலொலியில் மட்டுமே வேறுபடுவன. என் அகராதியிலோ இரண்டும் ஒரே 'தோச்கா'. 'இவள் என் முற்றுப்புள்ளி' என்று நான் மொழிந்திருப்பதை வேரா சிரிப்புக்கிடையே ஆங்கிலத்தில் விளக்கினார். என் மனைவி தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள்: "இவள் பிறந்த அண்டைக்கே நான் சொல்லிப்போட்டன். இவர் இப்பதான் ருஷ்யனிலை சொல்லுறார்."

கிளேட்டன் தீர்ப்பு

நாக்கின் பிழையேயன்றி நூலின் பிழை அன்று என என்னைத் தேற்றிக்கொண்டு, கையெழுத்துப் பிரதியோடு மெல்பேர்னுக்குப் பறந்தேன். அங்கே கிளேட்டன் பல்கலைக்கழக வளாகத்தில் ஸ்லாவிய மொழிகள் கற்பிக்கும் நளினி என்னும் சென்னைப் பெண்மணி ஒரு மணிநேரம் பக்கங்களைப் புரட்டினார். நான் நாற்காலியின் நுனியில் இருந்தேன். இறுதியில் கண்ணாடியைக் கழற்றினார்: "அர்த்தமெல்லாம் அருமை, அங்கிள். உச்சரிப்பை மட்டும் முதல்லேருந்து எழுதிக் கொடுங்க, நானே லைப்ரரியில சேர்த்துடறேன். இப்படியே சேர்த்தா, இதை நம்பி மாஸ்கோ போறவங்க முழுசாத் திரும்ப மாட்டாங்க."

இரண்டாம் எழுத்து

வீடு திரும்பிய நான்காம் நாள் பிரதியைத் தூக்கிக்கொண்டு வேராவிடம் சென்றேன். இப்போது அவர் ஒவ்வொரு சொல்லையும் ஒலிக்க, நான் 'பஸ்' பகரம் போன்ற கன ஒலிகளின் கீழெல்லாம் கோடிட்டுத் திருத்துகிறேன். ஒன்பது மாதமாகியும் இரண்டாம் எழுத்தைக் கடந்தபாடில்லை என்று நேற்று நொந்துகொண்டேன். வேரா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கூறினார்: "என்ன அவசரம்? எனக்கு எண்பத்திரண்டு வயதுதானே ஆகிறது."

ஸ்லாவிய இயலுக்கு இதுவரை நான் ஆற்றிய தொண்டு யாதெனில், பதினோராண்டில் எழுதிய ஒரு நூலை அதனினும் மெதுவாக அழித்தெழுத முடியும் என்பதை மெய்ப்பித்ததே.