ஏழு கிரகத்து வீரர்களும் எங்கள் அத்தானின் பயமும்

எங்கள் அத்தானைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. சாலையைக் கடக்கும்போது சிக்னலைப் பார்க்கமாட்டார். பக்கத்தில் நிற்பவரின் காலைப் பார்ப்பார். அந்தக் கால் நகர்ந்தால்தான் இவர் கால் நகரும். கடைக்குப் போனால் தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்குவார். அப்படியும் பாதி காயாக இருக்கும். அக்கா பிடிபிடியென்று பிடித்துக்கொள்வாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானும் என் பங்குக்குக் கிண்டல் செய்வேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அவர் ஒரு படக்கதை வார இதழில் வண்ணம் பூசுபவர். நான் அதே அலுவலகத்தில், பாத்திரங்கள் பேசும் வசனத்தைக் கட்டங்களுக்குள் கையால் எழுதுபவன். இருபத்திரண்டு வருடம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசை. அத்தனை வருடமும் அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தெரிந்தன என்பது எனக்குத் தெரியாது. பிறவியிலேயே அப்படியாம். வேலை போய்விடுமே என்று ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை.

எங்கள் இதழின் 'ஏழு கிரகத்து வீரர்கள்' தொடக்கத்தில் ஏழு பேர் இல்லை, கிரகமும் கிடையாது. வானத்திலிருந்து விழுந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், அவ்வளவுதான். ஒரே முகம், ஒரே உடை. அண்ணன் சிவப்பு, தம்பி பச்சை. ஓவியர் மாதிரித் தாளைக் கொண்டுவந்து வைத்ததும் அத்தானுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். அக்கா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. வண்ணப் புட்டிகளின் மூடியில் எண் இருந்ததால் எந்தப் புட்டி எந்த நிறம் என்று மனப்பாடம் செய்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ஆனால் எந்த உடலுக்கு எந்தப் புட்டி என்று ஓவியர் வைத்திருந்த வண்ணப் பென்சில் புள்ளி இவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அச்சு மங்கலாக விழுந்தால் வாசகர்கள் குழம்புவார்களே, மார்பில் ஆளுக்கொரு சின்னம் போடலாமா என்று ஓவியரிடம் மெல்லக் கேட்டார். ஓவியர் அண்ணனுக்குத் தீச்சுடரும் தம்பிக்கு வளையமும் போட்டுக் கொடுத்தார்.

கதாசிரியர் அந்த வளையத்தைப் பார்த்து, அது அவன் பிறந்த கிரகத்தின் அடையாளம் என்று எழுதிவிட்டார். கிரகம் வந்ததும் அதை விழுங்க ஒரு எதிரி வந்தான். எதிரியின் உடம்பு இதழில் இரண்டு பக்கத்துக்கு நீண்டதால் இரண்டு வீரர்கள் போதவில்லை. மூன்றாவதாகப் பிறை அணிந்த ஒரு பெண் வந்தாள். ஏழு பேர் சேர ஆறு வருடம் பிடித்தது. புதிதாக யார் வந்தாலும் சின்னம் எங்கே என்று முதலில் கேட்டு நிற்பவர் அத்தான்தான். இந்த மனிதருக்குத்தான் கதைமேல் எவ்வளவு அக்கறை என்று ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். இவரோ தலையை நிமிர்த்தாமல் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

ஒரு முறை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மா புட்டிகளைக் கழுவி, மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டார். அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அந்த வாரம் அண்ணன் பச்சையாகவும் தம்பி சிவப்பாகவும் பதினாறு பக்கமும் அச்சாகி வந்தார்கள். இது யார் வேலை என்று ஆசிரியர் கத்தினார். அத்தான் கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தார். காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். தனக்குத் தெரியாமல் தன் கதையில் ஒன்று நடந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளக் கதாசிரியருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. எல்லாம் திட்டம்தான், எதிரி இரண்டு பேரின் உயிரையும் கூடு மாற்றிவிட்டான் என்று ஒரே போடாகப் போட்டார். அந்தக் கதை ஒன்றரை வருடம் ஓடியது. வாசகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அத்தான் மட்டும் அன்றிலிருந்து புட்டிகளைத் தினமும் சாயங்காலம் வீட்டுக்கே எடுத்துப்போய் பீரோவில் பூட்டி வைத்தார்.

போன வருடம் புது ஆசிரியர் வந்தார். சின்ன வயது, கெட்டவர் இல்லை. சின்னமெல்லாம் பழைய பாணி, இனி நிறமே அடையாளம் என்று முடிவு செய்தார். ஒரு புதன்கிழமை காலை பதினாறு பக்கங்கள் அத்தான் மேசைக்கு வந்தன. எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரிக் கவசம் போட்ட ஏழு உடல்கள், ஆளுக்கொரு வண்ணப் பென்சில் புள்ளி மட்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வியாழன் மதியம்வரை அவர் தூரிகையை நனைக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. என்னை மாடிப்படிக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நான்கு தடவை மேலும் கீழும் எட்டிப் பார்த்தார்.

அக்காவுக்குத் தெரியுமா என்றேன். தெரியாதாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து எவன் எவன் என்று சொல்கிறேன், யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிடலாம் என்றேன்.

"எத்தனை நாளைக்குத் தம்பி? பயந்து பயந்தே ஐம்பது வயசாயிடுச்சு. இனிமே என்னால முடியல."

நேராக ஆசிரியர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஆசிரியர் முதலில் நம்பவில்லை. ஒரு சிவப்புப் பேனாவையும் ஒரு பச்சைப் பேனாவையும் எடுத்து நீட்டினார். அத்தான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியல சார்."

"அப்போ இத்தனை வருஷமா யார் பூசினது?"

"நான்தான் சார். சின்னத்தைப் பார்த்துப் பூசினேன்."

ஆசிரியர் பேனாக்களை மேசையில் வைத்தார். படிக்கிறவர்களிலும் உங்களைப் போல நிறையப் பேர் இருப்பார்களே என்றார். சின்னங்கள் இருக்கட்டும் என்றார். ஆனால் நிறம் தெரியாதவரை நிற மேசையில் வைத்திருக்க முடியாது, திங்கட்கிழமையிலிருந்து பழைய இதழ்களை அடுக்கும் அறைக்குப் போய்விடுங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த ஏழு பேரும் இவர் பயத்தில் பிறந்தவர்கள். அத்தானோ சரி என்று தலையாட்டினார்.

ஓவியர் சின்னங்களைப் போட்டுக் கொடுக்க, அந்தப் பதினாறு பக்கத்தையும் பூசி முடித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேசையை ஒழித்துக் கொடுத்தார். தூரிகைகளைக் கழுவிக் கவிழ்த்தார். கடைசியில் அந்த வாரத்து இதழின் அட்டையை என் முன்னால் வைத்தார்.

"இதுவரைக்கும் யார்கிட்டயும் கேக்க முடிஞ்சதில்ல. தீச்சுடர் போட்ட மூத்தவன் பாக்க எப்படி இருப்பான்?"

ரத்தம் மாதிரி இருப்பான் என்றேன். ரத்தமும் இலையும் எனக்கு ஒன்றுதானே என்றார்.

"என் கையாலதான் பூசினேன். ஆனா ஒரு தடவைகூட அவனை நான் பாத்ததில்லப்பா."

"ரொம்ப நல்லா இருப்பான் அத்தான்" என்றேன்.