மாமியின் றேடியோவுக்கு நாலு பற்றரி

கலியாணம் முடித்து உன்னிச்சைக் கிராமத்தில் மாமி வீட்டோடு இருக்க வந்த முதல் வருடம், கேட்டால் ஒழிய நான் வாய் திறப்பதில்லை. மனைவியின் தங்கை, என் மச்சாள், எனக்கும் சேர்த்துக் கதைப்பாள்.

அந்த ஆடி அமாவாசைக்குச் சண்டையால் பாதை மூடிக் கிடந்தது. செத்துப்போன தன் தகப்பனை நினைத்து ஒரு வருடமும் தவறவிடாத அமிர்தகழிக் கோயில் தீர்த்தத்தை மாமி றேடியோ வர்ணனையிலாவது கேட்க ஆசைப்பட்டார். புதுப் பற்றரிகளைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் விடமாட்டார்கள். வீட்டில் இருந்தவை, கொஞ்சம் உயிர் வரட்டும் என்று வெயிலில் காய வைத்த பழையவைதான்.

“நான் செய்து தாறன் மாமி,” என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னிடம் வோல்ற்று அளக்கும் மீற்றர் ஒன்று இருந்தது. எந்தப் பற்றரியில் வைத்தாலும் முள் ஏறக்குறைய ஒன்றரை வோல்ற்றுக்கு ஏறியது. நாலைப் போட்டேன். றேடியோ ஒருமுறை கனைத்துவிட்டு அடங்கிப்போனது.

“அத்தாண்ட மீற்றரையே வர்ணனை செய்யச் சொல்லுங்க,” என்றாள் மச்சாள்.

“சும்மா இரு கா,” என்ற மாமியின் முகம் வாடியிருந்தது.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படித்த அகத்தடை நினைவுக்கு வந்தது. பழைய பற்றரி சும்மா இருக்கும்போது முழுப் பலம் காட்டும். மின்னோட்டம் ஓடத் தொடங்கினால், தனக்குள் இருக்கும் தடையிலேயே பலத்தை இழக்கும். ரோச் லைற் பல்பை இணைத்து, அது எரியும்போதே அளந்தேன். சிலவற்றில் முள் பொத்தென்று விழுந்தது. எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்கு அகத்தடை.

இதைத் தயங்கித் தயங்கி விளக்கினேன்.

“அத்தானும் அப்படித்தான். சும்மா இருக்கக்குள்ள நல்ல ஆள். வயல் வட்டைக்குள்ள மம்பட்டியக் குடுத்தா விழுந்திருவார்!” என்றாள் மச்சாள்.

மாமிகூடச் சிரித்துவிட்டார்.

முள் அதிகம் விழாத நாலையும் போட்டதும் மேளச் சத்தமும் வர்ணனையும் வந்தன. மச்சாள் சந்தோசத்தில் ஒலியைக் கூட்டினாள். உடனே குரல் இழுபட்டு மங்கியது. சத்தம் கூடினால் மின்னோட்டமும் கூடும், அகத்தடை தின்பதும் கூடும். நான் குறைத்து வைத்தேன்.

“மெல்லமாத்தான் கேக்கும். ஒருத்தரும் கதைக்கப்படாது.”

“ஒருத்தரும் எண்டா ஆரு அத்தான்?”

“வேற ஆரு, நீதான்,” என்றார் மாமி.

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சுவாமி தீர்த்தக் கரைக்கு வந்துவிட்டதாக றேடியோ சொன்னதும் மாமி கண்ணை மூடி, செம்புத் தண்ணீரைத் தலையில் தெளித்தார். கூட்டம் அரோகரா சொல்லத் தொடங்கியது. பாதியில் றேடியோ நின்றுவிட்டது.

மச்சாள் கையை எடுத்தாள். மிச்ச அரோகராவை அடுத்த வளவுக்கும் கேட்க அவளே சொல்லி முடித்தாள். மாமி கண் திறக்காமல் இன்னொரு கை தண்ணீர் தெளித்தார்.

“எனக்குப் பற்றரி தேவையில்ல அத்தான்,” என்றாள்.