மூக்கடைப்பும் அண்ணன் ரத்தமும்

ஜெர்மனியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டே மூக்குச் சிந்துவார்கள். சூப் ஆறிக்கொண்டிருக்கும்போதே ஒரு கனவான் கைக்குட்டையை எடுத்து, கல்யாண வீட்டு நாதஸ்வரக்காரர் தோற்றுப்போகும்படி ஒரு சிந்து சிந்தி, மடித்து மறுபடியும் பாக்கெட்டில் பத்திரப்படுத்துவார். யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். நான் மூக்கை லேசாக உறிஞ்சினால் மட்டும் மேசையே திரும்பிப் பார்க்கும். உறிஞ்சுவது அநாகரிகமாம், சிந்துவது நாகரிகமாம். சங்கராபுரத்துப் பக்கம் தோட்டத்தில் போய்ச் சிந்திவிட்டு வேப்பமரத்தில் கையைத் துடைத்து வளர்ந்தவள் நான். இந்த வயதில் இவர்களிடம் மூக்குக்கு மரியாதை கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கற்றுக்கொள்ளாமலும் தீராது. ரத்தப் புற்றுநோய் வந்து ஸ்டெம் செல் மாற்றியதிலிருந்து என் பிழைப்பே மூக்கைச் சுற்றித்தான் நடக்கிறது. 'நாசன்டூஷ' என்று ஒரு பிளாஸ்டிக் குடுவை வைத்திருக்கிறேன். காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரை ஒரு துவாரத்தில் விட்டால் மறு துவாரத்தில் வரும். புதுச் செல்கள் ஊன்றிவிட்டாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கைக்குழந்தையுடையது மாதிரிதானாம். கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைகள் கதவில்லாத வாசலாம். "மற்றவர்களுக்கு அது சளி. உங்களுக்கு அது பூஞ்சையாக இருக்கலாம். கன்னம் மரத்துப்போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது கண்ணுக்கும் மூளைக்கும் ஏறும்" என்று டாக்டர் சொல்லிவைத்திருந்தார்.

நல்ல மனுஷர். ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆரம்பத்தில், கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். ஓர் அண்ணன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. உடன்பிறந்தவரின் செல்கள் பொருந்த வாய்ப்பு அதிகம், முதலில் சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும் என்றார். அண்ணன் கொடுக்க மாட்டார் என்றேன். "விசா சிக்கலா? நாங்கள் கடிதம் தருகிறோம்." விசா இல்லை, பயம் என்றேன். "ஊசிக்கா? மரத்துப்போக மருந்து இருக்கிறதே!" என்றார். எங்கள் ஊர் ஆம்பளைப் பயத்துக்கு மருந்து இல்லை என்பதை எந்த ஜெர்மன் வார்த்தையில் சொல்வது?

அண்ணன் போனில் சொன்னது இதுதான்: "நாலு பேரக் கேட்டுட்டேம்மா. எலும்புல இருக்கிறத எடுத்துட்டா ஆம்பளைக்குத் தெம்பு பூடுமாம். நான் கரும்பு வெட்டிக்கினு, வண்டி ஓட்டிக்கினு கெடக்கிறவன். ரிஷிவந்தியம் கோயில்ல உன் பேருக்கு அபிஷேகம் பண்ணி விபூதி அனுப்பறேன்." சொன்னபடி விபூதி வந்தது. செல்கள் முகம் தெரியாத ஒரு ஜெர்மன்காரனிடமிருந்து வந்தன. இதே அண்ணன்தான் அப்போது இட ஒதுக்கீட்டுக் கூட்டங்களில் மைக்கைப் பிடித்து, கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கும்வரை போராடுவோம் என்று முழங்கிக்கொண்டிருந்தார். ஒதுக்கீடு கேட்டது நியாயம்தான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் சோதனைக்குழாயில் ஒரு சொட்டு விடாதவர் தார் ரோட்டில் கடைசிச் சொட்டை விடுவாராம்! எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் அண்ணன் மகள் கல்யாணம் என்றதும் கிளம்பிவிட்டேன். டாக்டர் அரைமனதாக விட்டார். தூசி, புகை, மக்கிய வைக்கோல் பக்கம் போகக் கூடாது என்றார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் மாதத்தில் இந்த அறிவுரை! மூக்கு அடைத்ததும் வீடே வைத்தியசாலை ஆனது. ஒருத்தி நொச்சி போட்டு ஆவி பிடிக்கச் சொன்னாள். இன்னொருத்தி சுட்ட மஞ்சள் புகையை மூக்கில் நீட்டினாள். அண்ணிக்கு வேறு கவலை.

"இன்னா ஆளுங்க ரத்தம்மா உனுக்கு ஏத்துனது? நம்ம ஆளுங்களா?"

"ஜெர்மன்காரன் அண்ணி."

"அவங்கள்லயும் மேல கீழ இருக்கும்ல?"

அதன்பிறகு மணவறையில் ஆரத்தித் தட்டு என் கைக்கு வரவில்லை. அத்தைக்காரி நான் இருக்க, அண்ணியின் சித்தி மகள் எடுத்தாள்.

மறுநாள் காலை முகம் கழுவும்போது இடது கன்னத்தைத் தொட்டேன். வேறு யாரோ ஒருத்தியின் கன்னத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. சாகப் பயமில்லை என்று அதுவரை பெருமையடித்துக்கொண்டிருந்தேன், அதெல்லாம் வெறும் பேச்சு. பாண்டிச்சேரி போனால்தான் பெரிய ஆஸ்பத்திரி. கார் பிடித்துக் கிளம்பினால், கள்ளக்குறிச்சி ரோட்டில் ஒதுக்கீடு கேட்டுப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். மறியல். விடிவதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போன அண்ணன் அதற்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார்.

காருக்குள் எட்டிப் பார்த்தவர் ஒரு பக்கம் வீங்கியிருந்த என் முகத்தைப் பார்த்ததும் பதறித்தான் போனார். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "நம்ம தங்கச்சிப்பா! நம்ம ரத்தம்! வுடுங்க!" கிளைகளை இழுத்து வழிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதி முகம் ஒத்துழைக்கவில்லை.

எங்கள் பின்னால் ஒரு ஜீப் நின்றது. கல்வராயன் மலையிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கூட்டிவந்திருந்தார்கள். அவள் அலறல் எல்லாருக்கும் கேட்டது. கார் நகர்ந்ததும் ஜீப்பை மறித்தார்கள். நான் இறங்கிவிட்டேன்.

"அண்ணே, அந்தப் பொண்ணும் நம்ம ரத்தந்தான். வுடச் சொல்லு."

"உளறாதம்மா. அவங்க மலைக்காரங்க."

"நான் எவ்ளோ உன் ரத்தமோ, அவளும் அவ்ளோ உன் ரத்தந்தான். என் எலும்புல ஓடுறது யாருதுன்னு இவங்களுக்கெல்லாம் மைக்குல சொல்லட்டுமா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். என்னைப் பார்க்காமல், "அதையும் வுடுங்கடா" என்றார்.

ஜீப் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குள் திரும்பியதைப் பார்த்தேன். அதற்குமேல் அவளைப் பற்றி எனக்குத் தெரியாது. பாண்டிச்சேரியில் மூக்கு வழியாகக் கருவி விட்டு, கன்னத்துக்குள் கறுத்துக் கிடந்ததையெல்லாம் சுரண்டி எடுத்தார்கள். பூஞ்சைதான். இன்னும் தாமதித்திருந்தால் கண் போயிருக்கும் என்றார்கள். அண்ணன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். மறியலைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார், ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உயிர் தப்பித் திரும்பி வந்துவிட்டேன், கன்னத்தில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. இங்கே பனிக்காற்று அடிக்கும்போது வலது பாதி முகத்துக்குத்தான் குளிர்கிறது. இடது பாதி இன்னும் கள்ளக்குறிச்சி ரோட்டில், யாராவது வழிவிடட்டும் என்று நிற்கிறது.