டிரிசில் பெய்த இருபது நாட்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு காட்டிலாகா அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து அளவைக் குறிப்பதும், வாரம் ஒருமுறை மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்புவதும் என் வேலை. மழைமானி, துரைமார் தங்கும் பங்களாவுக்குப் பின்னால் இருந்தது. கால் மைல் வெயிலில் நடக்க வேண்டும். வானம் பொய்த்த வருஷத்தில் எதற்கு நடை என்று, நாற்காலியில் இருந்தபடியே "மழை இல்லை" என்று எழுதிவந்தேன்.

ஒருநாள் ஹெட் கிளார்க் ரிஜிஸ்தரைப் புரட்டினார்.

"என்னய்யா, ஒரு மாசமா ஒரே எழுத்து? நீர் போய்ப் பாக்கவே இல்லைன்னு மேல நெனச்சுக்கிற மாட்டாகளா?"

நான் மதுரையில் இன்டர்மீடியட் படித்தவன். ஆங்கில அகராதியைத் திறந்தேன். டிரிசில் என்ற சொல் கிடைத்தது. பொடிப்பொடியாக விழும் மழை, நம் தூறல்தான். மழைமானியில் அளவே காட்டாமலும் அது பெய்துவிட்டுப் போகலாம். சோம்பேறிக்கு இதைவிட நல்ல சொல் எந்த பாஷையிலும் கிடையாது. அளவு: பூஜ்யம். குறிப்பு: டிரிசில். இருபது நாட்கள் அப்படியே எழுதினேன்.

அந்தச் சமயத்தில்தான், மேய்ச்சலுக்குப் புல் இல்லை, ரிசர்வ் காட்டைத் திறந்துவிட வேண்டும் என்று ஊரார் மனுப் போட்டிருந்தார்கள். தினமும் தூறுவதால் புல் முளைக்கும் என்று மனு தள்ளுபடியாகி வந்தது. ஒரு ஜோடி உழவுமாடு வைத்திருந்த ஒச்சப்பன் என்ற சம்சாரி என் மேஜைக்கு முன் வந்து நின்றார்.

"ஐயா, தெனமும் மழ பெய்யுதாமே. எங்கனன்னு சொல்லுங்க, மாட்ட அங்கன ஓட்டிக்கிட்டுப் போறேன்."

நான் ஏதோ ஃபைலைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுமனு போனது. மேலிடத்துத் துரையே பார்வையிட வந்தார். என் ரிப்போர்ட்டை நம்பி வந்த மனிதர்: ரப்பர் கோட்டு, முழங்கால் பூட்ஸ், கையில் குடை. உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

"தொரைக்குக் குளிர்காய்ச்சலா?" என்றார் ஒச்சப்பன். "இம்புட்டு வெயில்ல போத்திக்கிட்டு வந்திருக்காகளே."

என்ன சொல்கிறான் என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார்.

"தங்கள் கோட்டைப் புகழ்கிறான்" என்றேன்.

துரை நேராக மழைமானிக்குப் போய்ப் புனலைத் தூக்கினார். உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது; கலைந்து எங்களைக் கொட்ட வந்தது. துரையை ரப்பர் கோட்டு காப்பாற்றியது. என்னைக் காப்பாற்ற எதுவும் இல்லை. வீங்கிய உதட்டோடு உண்மையை ஒப்புக்கொண்டேன்.

மறுநாளே காடு திறந்தது. ஒச்சப்பன் ஒற்றை மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

"இன்னொன்று எங்கே?" என்றேன்.

"அது போன வெள்ளிக்கெழமையே செத்து விழுந்துருச்சுங்கய்யா."

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் உண்மையாகவே தூறியது. எதிரே வந்த ஒச்சப்பன் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார்.

"இதத்தான் எழுதுனீகளாய்யா?"

"ஆமாம்."

"கையத் தொடைக்கக்கூட ஈரமில்லையே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதன்பின் எந்த ஊருக்கு மாற்றினாலும், ஓய்வு பெறும்வரை காலையில் மழைமானிவரை நடந்தேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பார்க்காததை எழுதாதீர்கள். டிரிசில் என்ற சொல்லை மட்டும், தூறலில் நனைந்துகொண்டே நின்ற நாட்களில்கூட, என்னால் மறுபடி எழுத முடியவில்லை. "லேசான மழை" என்றே எழுதினேன்.