தளபதி தந்த காலணிகள்

பேரன் காலணிக்குப் பூசிய மெழுகின் நெடி, என்னை விளாங்குடியின் பழைய வீட்டுக்கு இட்டுச் சென்றது.

முதல் உலகப் போரில் ஆங்கிலேயப் படைக்காகக் கிரேக்க நாட்டில் கோவேறு கழுதை ஓட்டியவர் என் பெரியப்பா. அந்நாட்டுப் படை அதிகாரி ஒருவர், ஆணியடித்த தம் காலணிகளை அவருக்குப் பரிசளித்திருந்தார்.

"அவரு கூப்பிட்டா வாரேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்பார் பெரியப்பா, அவற்றுக்கு மெழுகு பூசியபடி. பெரியம்மாவின் முகம் வெளிறும்.

அவ்வதிகாரி பின்னர் தளபதியாகி, படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றி, அதை இழந்தும் போனதைச் செய்தித்தாள்களில் அறிந்தோம்.

ஒரு காலையில் பரண்மேலிருந்த அக்காலணிகள், இறந்தோர் செல்லும் தென்திசை நோக்கித் திரும்பியிருந்தன.

"யாருங்க திருப்புனது?"

"நான் தொடல புள்ள."

சில நாள்களில் செய்தி வந்தது. மீண்டும் செய்த கலகம் தோற்று, தளபதி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பெரியம்மா காலணிகளை வைகையில் எறிந்துவிட்டு வந்தார்.

அன்று அந்தியில், ஆணியடித்த காலடியோசை எங்கள் வாசலில் வந்து நின்றது. பெரியப்பா எழுந்தார். பெரியம்மா அவர் வாயைப் பொத்தி, மூடிய கதவை நோக்கி, "அவரு ஊர்ல இல்லீங்க" என்றார். ஓசை தெற்கே நகர்ந்து தேய்ந்தது.

அதன்பின் பெரியப்பாவை யார் அழைத்தாலும் பெரியம்மாவே மறுமொழி சொன்னார்.

இப்போது வாசலில் ஆணியடித்த காலடியோசை வந்து நிற்கிறது. "தாத்தா" என்று பேரனின் குரல் கேட்கிறது. பேரனோ என் அருகில் அமர்ந்திருக்கிறான்.