பாக்கி: 614

கராகோல் நகரில் பள்ளிச் சீருடை தைப்பவள் சூராகான். வீட்டுக் கம்ப்யூட்டரில் அளவு வரைந்து, தாளில் அச்செடுத்து ஒட்டி, அதை வைத்துத் துணி வெட்டுவாள். எட்டு வருட வரைபடங்கள் அதில் இருந்தன. நாலு வருடமாக, அப்டேட் வேண்டுமா என்று அது கேட்கும்போதெல்லாம் ‘அப்புறம்’ என்பதையே அழுத்திப் பழகியிருந்தாள்.

ஆகஸ்ட் நடுவில் பள்ளியிலிருந்து புதிய கோட்டின் வரைபடம் வந்தது. பழைய புரோகிராம் அதைத் திறக்கவில்லை. செப்டம்பர் முதல் தேதிக்குள் முப்பத்தாறு கோட்டுகள் வேண்டும். அப்டேட் பட்டியலைத் திறந்தாள். பாக்கி 614.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் எதிர்வீட்டுத் தோலோகோன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “அக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுரலாம்.”

“என் வரைபடத்தையும் சேர்த்தா? டீயக் குடிச்சிட்டுக் கிளம்பு தம்பி.”

கணவன் அசான்குல் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே, “ஊசியில நூல் கோக்கற வேலைன்னு நெனச்சியா?” என்றான்.

“அதுவே உங்களுக்கு வராதே!”

வரைபடங்களை முதலில் பென்டிரைவில் ஏற்றினாள். பிறகு அப்டேட்டைத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்புப் பிழை வரிகளாய்க் கொட்டி எல்லாம் நின்றது. மறுபடி முயன்றாள், அதே இடம்.

மறுநாள் காலை அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் ஒரே பெயரில் போய் முடிந்தது: பிரிண்டரை இயக்கும் புரோகிராம். நாலு வருடம் முன்பு ஓர் அப்டேட்டுக்குப் பின் பிரிண்டர் மக்கர் பண்ணியதால், அந்த ஒன்றை மட்டும் பழைய பதிப்புக்கே மாற்றி, இனி மாறாதபடி அவளே பூட்டி வைத்திருந்தாள். அது நகராததால் மற்றவையும் நகரவில்லை.

“பூட்டைத் திறந்தா பிரிண்டர் போயிடுமேடீ,” என்றான் அசான்குல்.

“போனா அப்பப் பாத்துக்கலாம்.”

திறந்தாள். வரிகள் ஓடத் தொடங்கின. அவள் மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, திரும்பி வந்தபோது திரையில் ‘பாக்கி: 0’.

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். கோட்டின் வரைபடம் திறந்தது! பிரிண்டர் முனகி, முதல் தாளைத் தள்ளியது. அளவு சரிபார்க்கும் சதுரம் அதில் இருந்தது. அசான்குல் ஸ்கேலை வைத்தான்.

“அஞ்சு சென்டிமீட்டர். மயிரிழை பிசகல!”

சூராகான் மாவு படிந்த கையோடு ஜன்னலுக்கு ஓடி, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள்: “தோலோகோன்! ஒண்ணுகூட அழிக்கல!”

ஆகஸ்ட் முப்பதாம் தேதி முப்பத்தாறாவது கோட்டுக்குப் பொத்தான் தைத்து முடித்தாள்.